பதினொன்றாம் வரிக்காரி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொண்டே கேளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். பகல் முழுக்க ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்ற கால்களாக இருக்கும். உங்களுக்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறேன். பதினொரு வரியை எழுத ஒரு பதிவகம் பட்ட பாடும், அதில் கடைசி வரியை எழுதினவள் பட்ட பாடும்தான் கதை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். கொட்டாவி வந்தாலும் குற்றமில்லை. அந்தப் பதிவகத்தில் கொட்டாவி விடாமல் ஒரு நாளைக் கழித்தவர் யாருமில்லை.

பிறந்தவர்களைப் பிறந்தார்கள் என்று எழுதி வைப்பதுதான் அந்தப் பதிவகத்தின் வேலை. எழுதி வைத்தால்தான் ஒருவர் பிறந்ததாக அர்த்தம். வெகுகாலமாகத் தடித்தடியான நோட்டுகளில் எழுதி வந்தார்கள். பிறகு புதிதாக வந்த இயக்குநர் மூன்று நாள் கணினிப் பயிற்சிக்குப் போனார். முதல் நாள் வருகைப் பதிவு, இரண்டாம் நாள் குழுவாக நின்று படம், மூன்றாம் நாள் சான்றிதழ். திரும்பி வந்ததும் நோட்டுகளை எல்லாம் கட்டிப் பூட்டச் சொன்னார். இனி எல்லாம் கணினியில், குடிமக்கள் அட்டவணை என்ற ஒரே அட்டவணையில்.

கணினியிடம் அட்டவணை போடச் சொல்வதற்கு எஸ்.க்யூ.எல். என்று ஓர் எழுத்துமுறை இருக்கிறது. அட்டவணைக்கு என்ன பெயர், அதில் என்னென்ன கட்டங்கள், ஒருவரை இன்னொருவரிடமிருந்து எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது, இவ்வளவுதான் எழுத வேண்டும். பதினொரு வரி. தெரிந்தவள் கையில் கொடுத்தால் பால் பொங்குவதற்குள் முடித்துவிடுவாள்.

ஆனால் பதிவகத்தில் எந்த வேலையையும் ஒருவர் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் பொறுப்பு ஒருவர் தலையில் விழுந்துவிடும். ஆகவே இயக்குநர் பயிற்சிக் குறிப்பேட்டைப் பார்த்துப் பதினொரு வரிகளையும் சொல்ல, வரிக்கு ஒருவராகப் பதினொரு பேர் தட்டச்சு செய்தார்கள். பெயர் என்ற கட்டத்துக்கு ஒருவர், பிறந்த தேதிக்கு ஒருவர், தாயின் பெயருக்கு ஆறாம் வரிக்காரர், வீட்டு எண்ணுக்கு ஏழாம் வரிக்காரர். அவரவர் தங்கள் வரியைத் தவிர அடுத்த வரியைப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் அது அத்துமீறல்.

நம்மவள் பதினொன்றாம் வரி. அந்த வரியில் இருப்பது ஓர் அடைப்புக்குறி, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். தற்காலிக ஊழியர் என்பதால் அதற்கு மேல் நம்பிக் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் இரண்டு வருடம் இதே படிப்பைப் படித்தவள். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அவளை அடைப்புக்குறி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு இரட்டைப் பெண்கள். மூத்தவள் பிறந்து பதினொரு நிமிடம் கழித்துச் சின்னவள். இரண்டும் அந்த வருடம் பள்ளியில் சேர வேண்டும். பள்ளியில் தலைமை ஆசிரியை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்:

"புது அட்டவணையில வர்ற அடையாள எண் இல்லாம சேர்த்துக்க முடியாதும்மா. எங்களுக்கு மேல கேள்வி கேப்பாங்க. எண்ணோட வாங்க, ரெண்டையும் முன்வரிசையிலயே உக்கார வைக்கிறேன்."

பள்ளி திறக்க நாற்பது நாள் இருந்தது. வீட்டில் இரண்டு நீலப் பைகள் வாங்கியாகிவிட்டது. மூத்தவள் தன்னுடையதை ஆணியில் மாட்டிவிட்டாள். சின்னவள் கழற்றவே மாட்டேன் என்றாள். சாப்பிடும்போதும் முதுகில் பை. எண்தானே, நான் வேலை பார்க்கும் இடத்திலேயே கொடுக்கிறார்களே என்று நம்மவள் நிம்மதியாக இருந்தாள். பாவம்.

திறப்பு விழா அன்று கணினிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். இயக்குநர் கத்தரித்தார். கைதட்டல். பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு வாசகம் வந்தது: ஏழாவது வரிக்கு அருகே பிழை.

எல்லோரும் ஏழாம் வரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த மனிதர். அதுவரை அவர் வாழ்க்கையில் ஒரு தாளைக்கூடக் கசக்கியதில்லை.

நம்மவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஏழாம் வரியில் ஒரு குறையும் இல்லை. ஆறாம் வரி முடிகிற இடத்தில் ஒரு கமா விட்டுப்போயிருக்கிறது. கணினி கமாவைத் தேடிக்கொண்டே அடுத்த வரிக்குள் வந்து முட்டிக்கொண்டு கத்துகிறது. கல் தடுக்கிய இடம் ஒன்று, விழுந்த இடம் ஒன்று. கண்காணிப்பாளரிடம் போய் மெதுவாகச் சொன்னாள்.

"சார், ஆறாவது வரி கடைசியில ஒரு கமா போட்டா சரியாப் போயிடும்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். "கம்ப்யூட்டர் ஏழுன்னு சொல்லுது. நீ ஆறுங்கிற. யாரும்மா நீ?"

"பதினொண்ணு சார்."

"பதினொண்ணு எதுக்கும்மா ஆறைப் பத்திப் பேசுது?"

அன்று மாலைக்குள் ஏழாம் வரிக்காரருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போய்விட்டது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஆறாம் வரிக்காரர், கமா என்பது அடுத்த வரியின் தொடக்கம், ஆகவே அது ஏழைச் சேர்ந்தது என்றார். ஏழாம் வரிக்காரர், கமா என்பது முந்தின வரியின் முடிவு, ஆகவே அது ஆறைச் சேர்ந்தது என்றார். மற்ற இடங்களில் எல்லாம் கமா இருக்கிறதே, அவற்றை யார் போட்டது என்று குழு கேட்டது. பொறுப்பு வந்து சேர்ந்துவிடுமோ என்ற பயத்தில், நான் போடவில்லை, நான் போடவில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பதினான்காம் நாள் குழு முடிவு சொன்னது: கமா இரு வரிகளுக்கும் பொது. ஆறாம் வரிக்காரரும் ஏழாம் வரிக்காரரும் ஒரே பொத்தானில் ஆளுக்கொரு விரல் வைத்து அழுத்த வேண்டும்.

அழுத்தினார்கள். கமா விழுந்தது. ஏழாம் வரிக்காரர் மேலிருந்த விசாரணையை மட்டும் யாரும் மூடவில்லை. மூட ஒரு படிவம் இருந்ததாம், அது பழைய நோட்டுகளோடு கட்டிப் பூட்டிய அறைக்குள் இருந்ததாம்.

"விடும்மா தங்கச்சி," என்றார் அவர், தேநீர்க் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே. "வீட்டுல கேட்டா என்ன சொல்றதுன்னுதான் தெரியல. முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்ல என்ன தப்பு செஞ்சீங்கன்னு பேரன் கேக்கறான். ஏழாவதா உக்காந்திருந்தேன்டான்னேன்."

இப்போது ஒன்பதாம் வரி கத்தியது. ஒவ்வொருவரையும் பதிவு செய்த அதிகாரி யார் என்பதை, அதிகாரிகள் அட்டவணையில் சரிபார்த்த பிறகே எழுத வேண்டும் என்பது ஒன்பதாம் வரி. அதிகாரிகள் அட்டவணை எங்கே? இன்னும் போடவில்லை. சரி, அதை முதலில் போடுவோம் என்று போனால், அது கேட்டது: இந்த அதிகாரி ஒரு குடிமகன்தானா என்று குடிமக்கள் அட்டவணையில் சரிபார்க்க வேண்டும், அது எங்கே?

கூட்டம் போட்டார்கள். கண்காணிப்பாளர் எழுந்து பேசினார்: "அதிகாரி பதிவு செய்யாம ஒருத்தர் குடிமகன் ஆக முடியாது. குடிமகன் ஆகாம ஒருத்தர் அதிகாரி ஆக முடியாது. ஆக, இன்னைய தேதியில இந்த நாட்டுல சட்டப்படி யாருமே இல்ல. இந்த உண்மையைக் கண்டுபிடிச்ச முதல் பதிவகம் நம்மளதுதான்ங்கறதை நான் பெருமையோட தெரிவிச்சுக்கறேன்." அதற்கும் கைதட்டினார்கள்.

எது முதல் என்பதில் சண்டை. அதிகாரிகள் பின்னால் நிற்பதா என்று ஒரு கட்சி. குடிமக்கள் இல்லாமல் யாரை அதிகாரம் செய்வது என்று ஒரு கட்சி. பதினொரு நாள் போனது. நம்மவள் தேநீர் இடைவேளையில் ஆறாம் வரிக்காரரின் காதில் போட்டு வைத்தாள்: "ரெண்டையும் முதல்ல தனித்தனியா உக்கார வைங்கண்ணே. உக்காந்த பிறகு கையைக் கோத்து விட்டுக்கலாம்." அது ஆறாம் வரிக்காரர் வழியாகப் போய்க் கண்காணிப்பாளரின் யோசனையாகத் திரும்பி வந்தது. இரண்டு அட்டவணைகளும் உட்கார்ந்தன. பிறகு இரண்டுக்கும் நடுவே தொடர்பு போட்டார்கள். குடிமக்கள் அட்டவணை பிறந்த பிறகு அதில் கை வைத்ததால், திருத்தப் பதிவேடு என்ற ஒன்றில் அதற்கு ஒரு திருத்தம் என்று எழுதிக்கொண்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா, பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் வரிசையில் இயக்குநரை எழுதினார்கள். அவரைப் பதிவு செய்தவர் யார் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்கள். அவரைப் பதிவு செய்யும் தகுதி யாருக்கு இருக்கிறது?

இன்னும் பதினைந்து நாள். நம்மவள் இரண்டு பெண்களையும் குளிப்பாட்டித் தலைசீவி அழைத்து வந்தாள். மூத்தவள் பெயரைத் தட்டினார்கள். உடனே எண் வந்தது. சின்னவள் பெயரைத் தட்டினார்கள். திரையில் வந்தது: இந்த அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு முறை தட்டினார்கள். ஏற்கெனவே இருக்கிறது.

பையை மாட்டிக்கொண்டு நின்ற சின்னவள் கேட்டாள், "நான் ஏற்கெனவே இருக்கேனாம்மா?"

"இருக்கடி கண்ணு," என்றாள். "இருக்கேன்னுதான் இவங்க விடமாட்டேங்கறாங்க."

பத்தாம் வரியின் வேலை அது. அட்டவணையில் ஒருவரைப் போல இன்னொருவர் வந்துவிடக் கூடாது என்பதற்காக, எதைப் பார்த்து ஆளைப் பிரிப்பது என்று கணினிக்குச் சொல்லி வைப்பார்கள். ப்ரைமரி கீ என்று அதற்குப் பெயர். இயக்குநர் தானே யோசித்துச் சொன்னது: பிறந்த தேதி, தாயின் பெயர், வீட்டு எண். அடையாள எண்ணும் இந்த மூன்றையும் ஒட்டித்தான் வரும். மூன்றும் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றுதான். ஒரு தாய், ஒரு நாள், ஒரு வீடு, ஒரு குழந்தை. இரட்டைக் குழந்தை என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பது பயிற்சிக் குறிப்பேட்டில் இல்லை.

"சார், ரெண்டு பேர் சார். பாருங்க, ரெண்டு பேரா நிக்கறாங்க."

கண்காணிப்பாளர் திரையைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். "எனக்கும் ரெண்டாத்தாம்மா தெரியுது. ஆனா என் கண்ணுல பவர் இருக்கு. இதுக்கு இல்ல பாரு."

"வரிசை எண் ஒண்ணு சேர்த்து அதை அடையாளமா வச்சுட்டா தீர்ந்துடும் சார். ரெண்டு வரி வேலை."

"அப்போ திருத்தம் கேட்டு எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தாள். ஒன்பது கையெழுத்து. ஒருவர் விடுப்பு, ஒருவர் மாற்றல், ஒருவருக்குப் பேனா எழுதவில்லை. பத்தாம் நாள் விண்ணப்பம் திருத்தப் பதிவேட்டுக்கு வந்தது. அதுவும் ஓர் அட்டவணை, கண்காணிப்பாளர் தன் கையால் செய்தது. அதில் அடையாளம் என்ன தெரியுமா? திருத்தப்படும் அட்டவணையின் பெயர். ஒரு பெயர் ஒரு முறைதான் வரலாம். குடிமக்கள் அட்டவணைக்கு ஒரு திருத்தம் முன்பே எழுதியாகிவிட்டதே! திரையில் வந்தது: ஏற்கெனவே இருக்கிறது.

"பாத்தியாம்மா," என்றார் கண்காணிப்பாளர், கிட்டத்தட்ட அன்பாக. "கம்ப்யூட்டரே வேண்டாங்குது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை கண்ணுகளா. கோபத்துக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். கண்காணிப்பாளர் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒரு வழி சொல்றேன். சின்னது பதினோரு நிமிஷம் லேட்டுதானே? ஒரு நாள் லேட்டுன்னு போட்டுடு. தேதி மாறிடும், எண் வந்துடும். யாருக்கு என்ன நஷ்டம்?"

வீட்டுக்குப் போய் லாரி ஓட்டும் கணவரிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "போட்டுத் தொலையும்மா, ஒரு நாள்தானே," என்றார். பிறகு அவரே சின்னவளைக் கூப்பிட்டு, "குட்டி, உனக்கு இனிமே பொறந்த நாள் அக்காவுக்கு அடுத்த நாள். சரியா?" என்றார்.

சின்னவள் யோசித்தாள். "அப்போ அக்கா பொறந்த அன்னைக்கு நான் எங்கேப்பா இருந்தேன்?"

"அம்மா வயித்துலதான்."

"ஒரு நாள் முழுக்கத் தனியாவா?"

அப்பா சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சிறிது நேரம் கழித்து வாசலிலிருந்து குரல் வந்தது: "வேண்டாம் விடு. வேற வழி பாரு."

ஐந்து நாள் இருந்தது. நம்மவள் இயக்குநரைப் பார்க்கப் போனாள். இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்துப் பிறகு உள்ளே விட்டார்கள். சொன்னதை எல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தப்பு இருந்தாத்தானேம்மா திருத்தம்? நான் வந்த பிறகு இங்க தப்பே நடக்கல. ஆதாரம் வேணுமா? திருத்தப் பதிவேட்டை எடுத்துப் பாரு. எந்த அட்டவணைக்கும் ஒண்ணுக்கு மேல திருத்தமே கிடையாது! அப்படியொரு பதிவகம் எங்கயாவது உண்டா? ஒரு கமா விஷயம்னா கூடப் பதினாலு நாள் ஆராய்ஞ்சு முடிவெடுத்தோம். வேற எவனாவது ஒரு கமாவுக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பானா? உன் பொண்ணு விஷயம் எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒரு குழந்தைக்காக நான் ஒரு விதியை மாத்தினா, நாளைக்கு இன்னொரு குழந்தை வரும். அப்புறம் குழந்தைங்க வந்துகிட்டே இருக்கும்மா."

அவள் அவருக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்கப் படங்கள். கட்டடத்தைத் திறந்தது, மிதிவண்டி நிறுத்துமிடத்தைத் திறந்தது, தண்ணீர்க் குழாயைத் திறந்தது, அதே குழாய் ரிப்பேராகித் திரும்ப வந்தபோது மறுபடி திறந்தது. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கத்தரிக்கோல். குடிமக்கள் அட்டவணையைத் திறந்த படம் மட்டும் இல்லை. அதற்கென்று அடித்த ஆணி சும்மா இருந்தது. பிழை வாசகம் பின்னால் தெரிகிறது என்று அந்தப் படத்தை மாட்டவில்லையாம். விழா வெற்றி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டதால் இன்னொரு விழாவும் வைக்க முடியவில்லையாம்.

அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "திருத்தம் வேண்டாங்கய்யா. புதுசா ஒரு அட்டவணை திறந்து வச்சா என்னங்கய்யா?"

இயக்குநரின் கண் திறந்தது. "புதுசா?"

"குடிமக்கள் பேரட்டவணை. வேற பேரு, வேற அட்டவணை. திருத்தமே இல்ல."

"ரிப்பன்?"

"கட்டிடலாங்கய்யா."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பழசை விட இதுல என்ன விசேஷம்?"

"ஒவ்வொருத்தருக்கும் வந்த வரிசையில ஒரு எண். அதுதான் அடையாளம்."

"ஒண்ணாம் எண் யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்கய்யா."

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே திடீரென்று நிமிர்ந்தார். "ஆனா வரி வரியாப் பிரிச்சுக் கொடுக்க நாள் இல்லையே. நீ வெறும் அடைப்புக்குறிதானே?"

"ஆமாங்கய்யா. அடைப்புக்குறியை மூடணும்னா முதல்ல திறக்கணும். திறந்த இடத்துலேர்ந்து மூடற இடம் வரைக்கும் நடுவுல என்ன இருக்கோ, அது என் பொறுப்புலதான் வருது."

திறக்க வேண்டும் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பாதியில் நின்ற கையெழுத்தைப் போட்டு முடித்தார். அன்று மதியமே அவள் உட்கார்ந்து முழுசாகத் தட்டினாள். ஒவ்வொரு வரி முடிவிலும் கமா, அடைப்புக்குறிக்கு முந்தின வரியில் மட்டும் கமா இல்லை. அதிகாரிகள் தொடர்பு கடைசியில் தனியாக. ஏழாம் வரிக்காரர் பின்னால் வந்து நின்றார். அத்துமீறல்தான், ஆனாலும் முடிகிறவரைக்கும் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு தங்கச்சி?"

"நாலு நிமிஷம்ண்ணே."

அவர் மோட்டுவளையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ரிப்பன். கத்தரித்தார், கைதட்டினார்கள், பொத்தானை அழுத்தினார். பிழை வரவில்லை. ஒன்றுமே வரவில்லையே, வேலை செய்கிறதா என்று இயக்குநருக்குக் கவலையாகிவிட்டது. சரியாக நடந்தால் இது எதுவும் சொல்லாதுங்கய்யா என்றாள் நம்மவள். அப்படியொரு நடத்தையை அவர் எந்த ஊழியரிடமும் பார்த்ததில்லை.

ஒன்றாம் எண் இயக்குநர். படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் தேநீருக்கு நகர்ந்தார்கள். நம்மவள் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. தட்டினாள். இரண்டாம் எண் சின்னவள். மூன்றாம் எண் மூத்தவள்.

பழைய அட்டவணையை அழிக்கவில்லை. அழித்தால் அதில் தப்பு இருந்ததாக ஆகுமே! பழையது ஏற்றுக்கொண்ட எல்லோரையும் இரண்டிலும் எழுதினார்கள். அந்த வருட அறிக்கையில் இயக்குநரின் சீரிய முயற்சியால் மக்கள்தொகை ஏறக்குறைய இரு மடங்கு ஆகிவிட்டதாக அச்சடித்திருந்தார்கள். ஏழாம் வரிக்காரர் விசாரணை நிலுவையிலேயே ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் அவருக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். அதில் ஏழு என்ற எண் இருந்ததா என்று அவர் முதலில் பார்த்தாராம். நம்மவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது அவள் பத்தாம் வரி.

திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் தலைமை ஆசிரியை இரண்டு சீட்டுகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு, மூணு. சரியா இருக்கு. போங்க உள்ள," என்றார்.

"நான்தானே மூத்தவ? நான் எப்படி மூணு?" என்று மூத்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"நீ பதினோரு நிமிஷம் முன்னாடி வந்தே," என்றாள் சின்னவள். "நான் நாப்பது நாளா நின்னேன்ல."

அப்படிச் சொல்லிவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்து, நாற்பது நாளாகக் கழற்றாத பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா வாசலில் கொஞ்சம் நின்றாள். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. காலை மடக்கிக்கொள்ளுங்கள், எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் பிறந்தார்களோ அத்தனை பேருக்கும் ஓர் இடம் இருக்கட்டும். கடைசியாக வந்தவருக்கும் ஒரு தட்டு மிச்சம் இருக்கட்டும். யாரையும் பார்த்து, நீ ஏற்கெனவே இருக்கிறாய், போ என்று யாரும் சொல்லாத வீடாக அது நீண்டு வாழட்டும்.